பயணப் பெட்டி இருக்குமிடம் அறிதல்: மணிமேகலை அளவைகளின் வழி ஓர் ஆய்வு

விமானத்தில் ஏற்றிவிட்ட பெட்டி இந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்பது அளவையியல் சார்ந்த வினா. இதைத் தொழில்நுட்ப வினாவாக எண்ணிப் பெட்டிக்குள் ஏர்டேக் என்னும் இடங்காட்டி வில்லை ஒன்றைப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகிறவர்கள், அந்தக் கருவி என்ன சொல்கிறது என்று பார்க்கிறார்களே தவிர, சொல்வது எந்த வகை அறிவு என்று கேட்பதில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம். ரயில் பெர்த்துக்கு அடியில் பெட்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டும் வழக்கம் ஆய்வெல்லைக்கு வெளியே நிற்கிறது. அங்கே பெட்டி இருக்குமிடத்தில் ஐயமில்லை; சாவி இருக்குமிடத்தில்தான்.

முதன்மை ஆதாரம் மணிமேகலையின் 27ஆம் காதை. வஞ்சி நகரில் சமயக்கணக்கர்களைத் தேடிச் சென்ற மணிமேகலையிடம் முதலில் பேசுபவர் அளவைவாதி. அறிவு பெறும் வழிகள் வியாசருக்குப் பத்து, கிருதகோடிக்கு எட்டு, சைமினிக்கு ஆறு என்கிறார். பெட்டியைக் காணாமல் நிற்பவருக்கு ஆறு போதாது என்பதால் இவ்வாய்வு வியாசர் பக்கம் சாய்கிறது.

காட்சி என்பது பெல்ட். பெட்டி கண்ணெதிரே வருகிறது, எடுத்துக்கொள்கிறோம், ஆய்வு முடிகிறது. அடுத்தது ஆகமம், அதாவது நூலை நம்பி அறிவது. பெட்டியின் கைப்பிடியில் ஒட்டும் சீட்டிலுள்ள பத்து இலக்க எண்ணும், அந்த எண் பதிவாகும் கணினியும் இவ்வகை. பயணியிடம் வாங்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, வேறு விமானத்துக்கு மாற்றும்போது, திருப்பித் தரும்போது என நான்கு இடங்களில் பெட்டியைப் பதிய வேண்டும் என்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் 753ஆம் தீர்மானம் 2018 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. கவுன்ட்டர் ஊழியர் ஆகமவாதி. திரையில் உள்ளது உண்மை. திரையில் இல்லாதது இனிமேல்தான் நடக்க வேண்டும்.

உவமத்தைத் தனியே விளக்க வேண்டியதில்லை. பெட்டி வரவில்லை என்று புகார் எழுதும் இடத்தில் பெட்டிப் படங்கள் அச்சிட்ட ஓர் அட்டையை நீட்டுவார்கள். “இதுமாதிரிதான், கொஞ்சம் பெருசு” என்று விரல் வைத்தால் உவமம் முடிந்தது.

ஏர்டேக் இவற்றில் எது? வானத்துச் செயற்கைக்கோள் ஒன்று நம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். 2021 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த, 11 கிராம் எடையுள்ள அந்த வில்லைக்குள் ஜிபிஎஸ்ஸே கிடையாது. கடிகாரக் கடையில் கிடைக்கும் சிஆர்2032 பேட்டரி ஒன்றை வைத்துக்கொண்டு, ஏறத்தாழ ஓராண்டு காலம் ப்ளூடூத்தில் ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று முனகிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் யாராவது ஐபோனோடு போனால், அந்த ஐபோன் தான் நிற்கும் இடத்தைச் சொந்தக்காரருக்குத் தெரியாமலே மேலே அனுப்பிவிடும். வரைபடத்தில் நாம் காணும் புள்ளி, முன்பின் தெரியாத ஒருவர் நின்ற இடம். இதற்கு அளவைவாதி பெயர் வைத்திருக்கிறார்: ஐதிகம். உலகம் சொல்வதைக் கேட்டுத் தெளிவது. இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்பது அவர் தரும் எடுத்துக்காட்டு.

ஆகமமும் ஐதிகமும் மோதும் இடம் வருகைக் கூடம்.

“சார், சிஸ்டத்துல உங்க பேக் லோட் ஆயிருச்சுன்னுதான் இருக்கு.”

“என் போன்ல இன்னும் துபாய்லயே நிக்குது, பாருங்க தம்பி.”

“எப்ப அப்டேட் ஆனது சார்?”

“அஞ்சு மணி நேரம் முன்னாடி.”

“அப்ப ஃப்ளைட்டுக்குள்ள இருந்திருக்கும் சார்.”

இளைஞர் சொன்னதை எளிதில் மறுக்க முடியாது. விமானத்தின் வயிற்றுக்குள் ஐபோனோடு யாரும் உலாத்துவதில்லை. இறங்கிய பிறகும், பெட்டி இறக்குகிறவர்கள் எல்லோரும் ஆன்ட்ராய்டு வைத்திருந்தால் ஏர்டேக்கின் முனகல் யார் காதிலும் விழாது. புள்ளி நகரவில்லை என்பதால் பெட்டி நகரவில்லை என்று முடிவு கட்டுபவர், சாட்சி வாய் திறக்காததைச் சாட்சியம் என்று கொள்கிறார். (ஆன்ட்ராய்டுக்கும் 2024இல் இப்படியொரு வலை வந்துவிட்டது. ஆனால் ஒரு வலை மற்றதன் முனகலுக்குச் செவிசாய்ப்பதில்லை. சைவ வைணவப் பூசல்களைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல.)

அருத்தாபத்தியின் பயன் சென்னையில்தான் முழுமையாக விளங்கும். ஆய்க்குடி கங்கையில் இருக்கிறது என்றால் கங்கைக்கரையில் இருக்கிறது என்று கொள்ள வேண்டும் என்பார் அளவைவாதி. மீனம்பாக்கத்தில் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் குறுக்கே பாலத்தின் மேல் போகிறது. பத்து இருபது மீட்டர் பிசகினால் நம் புள்ளி ஆற்றுக்குள் விழும். பெட்டி அடையாற்றில் இருக்கிறது என்று போன் சொன்னால் கரையில் இருக்கிறது என்று கொள்க. பதறி அழுவது நூலறியாமை.

அளவைப் போலிகள் எட்டையும் அதே காதை சொல்கிறது. சிப்பியை வெள்ளி என்று எண்ணுவது திரியக் கோடல். அடுத்தவரின் கறுப்புப் பெட்டியை டிராலியில் ஏற்றுவதும் அதுவே. தெரிந்ததையே மறுபடி தெரிந்துகொள்வது உணர்ந்ததை உணர்தல். செயலியை விரலால் இழுத்து இழுத்துப் புதுப்பிப்பவர்களைப் புலவர் எங்கே பார்த்தார் என்பது தனி ஆய்வுக்குரியது.

ஏர்டேக்குக்கு எதிர்ப்பும் இருந்தது. 2022 அக்டோபரில் லுஃப்தான்சா விமான நிறுவனம், இயங்கும் ஏர்டேக் ஆபத்தான பொருள், பெட்டிக்குள் கூடாது என்றது. உள்ளே இருக்கும் லித்தியம் ஏறத்தாழ 0.1 கிராம். சில நாட்களில் கூடும் என்றது. ஐதிகம் ஆகமத்தை வென்ற நாள் அது. 2024 டிசம்பர் முதல் புள்ளி இருக்குமிடத்தை இணைப்பாக விமான நிறுவனத்துக்கே அனுப்பலாம். ஏழு நாளில் அது காலாவதியாகும். மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி பெட்டி தொலைந்ததாகக் கொள்ள 21 நாள் ஆக வேண்டும். இடைப்பட்ட இரு வாரங்களுக்கு எந்த அளவை என்பதில் வியாசரும் மௌனம்.

கடைசியாக மீட்சி. இராமன் வென்றான் என்றால் இராவணன் தோற்றான் என்று அறிவது. எல்லோரும் போன பிறகு பெல்ட்டில் ஒரு கறுப்புப் பெட்டி மட்டும் சுற்றுகிறது. அது நம்முடையது அல்ல. அப்படியானால் நம்முடையதை அதன் சொந்தக்காரர் கொண்டுபோய்விட்டார். போனைப் பார்த்தால் புள்ளி ஜிஎஸ்டி ரோட்டில் பல்லாவரம் தாண்டிக் குரோம்பேட்டை போய்க்கொண்டிருக்கிறது. இந்த ஒரு சூழலில் மட்டும் ஐதிகத்தின் வேகத்துக்கு மற்ற ஒன்பதும் ஈடாகா. மேலும், பிறர் ஏர்டேக் தன்னோடு பயணித்தால் எச்சரிக்கும் வசதி ஐபோனிலும் ஆன்ட்ராய்டிலும் உண்டு. எனவே சிறிது நேரத்தில், ஏதோ ஒரு கருவி உங்களைப் பின்தொடர்கிறது என்று அவர் போன் அவரிடம் சொல்லும். அவர் திடுக்கிட்டுக் காரை ஓரங்கட்டி, யார் தன்னை வேவு பார்ப்பது என்று மைத்துனரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகச் சந்தேகித்து, கடைசியில் டிக்கியைத் திறந்து பார்க்கும்வரை, அவருடைய பெட்டியை நாம் பெல்ட்டிலிருந்து இறக்கிக் காவல் காக்க வேண்டியதுதான்.