நீலக்குறியியல்: கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

அனுப்பியதை அவர் படித்துவிட்டாரா என்ற ஐயம் பழையது. அஞ்சல் துறை அதற்குக் கையொப்ப அட்டை கண்டது. புலனம் (வாட்ஸ்அப்) 2014 நவம்பரில் நீலக்குறி கண்டது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா வரையிலான உறவினர் குழுக்களும் கோயில் குழுக்களுமே இவ்வாய்வின் களம்.

முன்னோடிகளைச் சொல்லாமல் ஆய்வு ஆகாது. 1980இல் தொடங்கிய யூஸ்நெட் என்னும் கணினிவழிக் கருத்துக்களத்தில் ஒவ்வொரு மடலுக்கும் வரிசை எண் உண்டு. படித்த எண்களை வாசகரின் கணினியிலுள்ள சிறு கோப்பு குறித்துக்கொள்ளும். 1-4520, 4533 என்றிருந்தால் இடையிலுள்ள பன்னிரண்டும் பாக்கி. 1984இல் லாரி வால் எழுதிய ஆர்என் என்னும் யூஸ்நெட் வாசிப்புச் செயலியில் ஒரு கட்டளை இட்டால் பாக்கி முழுவதும் படித்ததாகிவிடும். பின்வந்த பிஎச்பிபிபி என்னும் இணைய மன்ற மென்பொருள் இன்னும் சிக்கனம்: ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தியதெல்லாம் படித்தாயிற்று என்று தள்ளிவிடும். கண் மடலின் மேல் பட்டதா என்று இவற்றில் எதுவும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் பாதிப் பேர் மாட்டியிருப்பார்கள்.

இனி களம். கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குக் கொமுட்டர் ரயிலில் நின்றபடியே வருபவர், திரையின் மேலே எட்டிப்பார்க்கும் அறிவிப்பிலேயே செய்தி முழுவதையும் படித்துவிடுகிறார். செயலியைத் திறக்கவில்லை, ஆகவே சட்டப்படி அவர் படிக்கவில்லை.

குழுவில் விதி கடுமை. எல்லாரும் திறந்தால்தான் குறி நீலமாகும். கோயில் திருவிழாக் குழுவில் எப்போதும் ஒரு பெரியவர் கைப்பேசியை அணைத்துப் பெட்டியில் வைத்திருப்பார். அவர் ஒருவரால் அன்னதானப் பட்டியல் ஆண்டு முழுதும் சாம்பல் நிறத்திலேயே கிடக்கும். ஆனால் செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவல் பக்கத்துக்குப் போனால் யார் யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பது வரிசையாக வரும். அத்தைமார் இந்தப் பக்கத்தை நன்கு அறிவர். கல்யாண மண்டபத்தில் விசாரணை நடக்கும்: "காலைல பத்து மணிக்கே பார்த்துட்டல்ல தம்பி? அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

குறியை மறைக்கும் வசதி உண்டே என்பர். அது தனி உரையாடலுக்கு மட்டும், குழுவில் செல்லாது. மறைத்தவருக்குப் பிறர் குறியும் தெரியாது என்பது கூடுதல் தண்டனை. விவரமறிந்த மாமாக்கள் மொய்க் கணக்கைத் தனியே கேட்காமல் குழுவில் கேட்பதன் காரணம், அங்கே குறியை மறைக்க முடியாது என்பதே என ஆய்வு கருதுகிறது. குரல் செய்திக்கும் மறைப்பு இல்லை. ஆனால் ஒலிக்கவிட்டவர் கடைசிவரை கேட்டாரா என்பதை நீல ஒலிவாங்கி சொல்லாது. ஐந்து நிமிடக் குரல் அனுப்பும் சித்திகளுக்கு இது தெரியாமலிருப்பது நல்லது.

படித்ததைப் படிக்காததாக மாற்றும் வசதியும் இருக்கிறது. அழுத்தினால் உரையாடலின் ஓரத்தில் பச்சைப் புள்ளி திரும்ப வரும். அனுப்பியவர் திரையிலோ நீலம் நீலமாகவே நிற்கும். பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் அகப்பட்டவர், மறுநாள் இரவு, "இப்பதான் பார்த்தேன் லா" என்று தட்டுகிறார்.