ஊத்துக்குளி வட்டாரத்தில் லெக் கார்டு: இலக்கணமும் வழக்கும்

லெக் கார்டு என்பது மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்கு முன்னால் இருபுறமும் காது போல நீட்டிக்கொண்டிருக்கும் வளைந்த இரும்புக் குழாய். வண்டி சாயும்போது தரையை முதலில் தொடுவது அதன் கடமை. தொட்டபின் வளைவது அதன் தர்மம். இதே பொருளுக்குக் கடைக்காரர் சொல்லும் பெயர் கிராஷ் கார்டு, மெக்கானிக் சொல்லும் பெயர் லெக் கார்டு. விழுந்தவர் சொல்லும் பெயர்கள் அச்சுக்கு ஏற்றவை அல்ல.

ஆய்வேட்டு மரபுப்படி முதலில் ஆய்வு எல்லை. ஊத்துக்குளி, ஈரோடு–கோவை ரயில் தடத்தில் திருப்பூருக்குக் கிழக்கே உள்ளது. 2009இல் உருவான திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. வெண்ணெய்க்கும் நெய்க்கும், கதித்தமலை முருகனுக்கும் பேர்போனது. இவ்வூரின் மண் வகைக்கும் மழையளவுக்கும் லெக் கார்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆகவே முறையான ஆய்வேட்டில் அவற்றுக்கு நாற்பது பக்கம் ஒதுக்கப்படும். இங்கு அவை விடப்படுகின்றன.

அடுத்தது சொற்பிறப்பு. 'கார்டு' என்பது 'காத்திடு' என்னும் தமிழ் வினையின் திரிபே என்று ஒரு சாரார் நிறுவுவர் (டீக்கடை பெஞ்சு, கிழக்கு முனை). அப்படியானால் ரேஷன் கார்டு எதைக் காக்கிறது என்ற வினாவுக்கு அவர்கள் இன்னும் விடை தரவில்லை.

வண்டி நோக்கி லெக் கார்டு நான்கு வகைப்படும்.

புல்லட்: 1955 முதல் சென்னையில் உருவாகிவரும் வண்டி. எடை 160 கிலோவுக்கு மேல். இது விழுவதைவிட, விழுந்ததைத் தூக்குவதே பெரிய விபத்து. லெக் கார்டு தரையில் ஊன்றி வண்டியைச் சாய்ந்த நிலையிலேயே நிறுத்திவிடுவதால் தூக்குபவரின் இடுப்பு தப்பும்.

யெஸ்டி: மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடியதோடு பழைய யெஸ்டியின் பிறப்பு நின்றது. சைலன்சர் இருபுறமும் உண்டு. ஆதலால் எந்தப் பக்கம் விழுந்தாலும் செலவு ஒன்றே.

ஆர்.எக்ஸ். 100: விழும்போது வண்டி ஓரிடம், ஆள் ஓரிடம், கார்டு யாருக்கு என்பதில் தெளிவில்லை.

ராஜ்தூத்: உண்டு.

வடிவம் நோக்கின் ஒற்றை வளையம், பட்டாம்பூச்சி என இரண்டு. பட்டாம்பூச்சி பறக்காது.

இனிப் பொருத்தும் முறை. பழைய புல்லட்டின் சேசிஸில் முன்பக்கம் இறங்குவது ஒரே ஒரு குழாய். அது எஞ்சினோடு முடிந்துவிடும்; அதற்குப் பிறகு எஞ்சினே சேசிஸின் ஒரு கண்ணியாக நிற்கும். கார்டின் மேல் கிளாம்ப் அந்தக் குழாயைக் கவ்வும், கீழ்க்கால் எஞ்சின் பிளேட் போல்ட்டில் உட்காரும். கிளாம்ப்புக்கும் குழாய்க்கும் இடையில் பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி வைப்பது நல்லது, பெயின்ட் உரியாது. எல்லா நட்டையும் முதலில் கையால் மட்டும் திருக வேண்டும். பிறகு ஹேண்டிலை இருபுறமும் முழுக்க ஒடித்துப் பார்க்க வேண்டும். முன் ஃபோர்க்கை அமுக்கி, மட்கார்டு இடிக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். பழைய புல்லட்டில் கியர் வலக்காலுக்கு, பிரேக் இடக்காலுக்கு. இரண்டு காலும் தடையின்றிப் போய்வருகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். அதன் பிறகே ஸ்பேனர். ஒற்றை சிலிண்டரின் உதறல் எந்த நட்டையும் விடாது. ஆகவே ஸ்பிரிங் வாஷர் போட்டு, ஒரு வாரம் திருப்பூருக்குப் போய்வந்தபின் மறுபடி முறுக்குக என்மனார் மெக்கானிக்.

கனமான கார்டே நல்ல கார்டு என்பது பரவலான பிழை. அடி பட்டால் கார்டு வளைந்து அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். அது வளைய மறுத்தால் அடி சேசிஸுக்குப் போகும். வளைந்த கார்டைத் தட்டி நிமிர்த்தலாம். வளைந்த சேசிஸ் ஜென்மத்துக்கும் வண்டியை ஒரு பக்கமாகவே இழுக்கும்.

சட்டம் வருமாறு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி, பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்கிறது. சேலை கார்டு இவ்விதிக்கு உட்பட்டது. முன்பக்க லெக் கார்டைப் பற்றி அவ்விதியில் பேச்சே இல்லை. துணிக்குக் காப்பு உண்டு, காலுக்கு இல்லை என்பது பனியன் தொழில் வட்டாரத்துக்குப் பொருத்தமான சட்டமே.

லெக் கார்டு காலைக் காக்குமா என்ற கேள்விக்கு விடை 1981இல் வந்தது. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை அந்தந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. கார்டு இருந்தால் கணுக்காலுக்கும் பாதத்துக்கும் காயம் குறைகிறது. குறைந்த அதே அளவுக்கு முழங்காலிலும் தொடையிலும் கூடிவிடுகிறது. கூட்டிக் கழித்தால் லாபமில்லை என்பது அதன் முடிவு. ஊத்துக்குளி இதை அறிக்கை படிக்காமலே அறியும். அதனால்தான் இங்கு லெக் கார்டு தூக்குப்போசி மாட்டவும், கட்டிங் பண்டலை முட்டுக்கொடுக்கவும், சோளத்தட்டுக் கட்டைத் தாங்கவும் பயன்படுகிறது. போசியை எந்தப் பக்கம் மாட்டுவது என்பது தனி ஆய்வுக்குரியது. புல்லட்டின் சைலன்சர் வலப்புறம் போவதால், வெண்ணெய் இடப்புறம், நெய் வலப்புறம் என்பது துணிபு (அதே பெஞ்சு, மேற்கு முனை, இரண்டாம் டீ).

இவ்வாய்வின் மையச் சிக்கல் இனிமேல்தான். வண்டியைக் காப்பது கார்டு. கார்டைக் காப்பது எது?

பளபளக்கும் குரோம் பூச்சில் கீறல் விழுவதை எந்த உரிமையாளரும் பொறுப்பதில்லை. மற்ற ஊர்களில் நைலான் கயிற்றைக் கார்டின்மேல் வரிசையாகச் சுற்றுவர். திருப்பூர் வட்டாரத்துக்குக் கயிறு தேவையில்லை. காலருக்கும் கைக்கும் வைக்கும் ரிப் துணி வட்டப் பின்னல் மெஷினிலிருந்து குழாயாகவே இறங்கும். அதில் ஒரு முழம் எடுத்து, கார்டின் ஒரு முனையைக் கழற்றி, காலுறை போல ஏற்றிவிட்டால் குழாய்க்குள் குழாய் அடங்கும். இதை ரிப் மதம் எனலாம்.

மழையில் ரிப் துணி நீரைக் குடிக்கும். உள்ளே இரும்பு துருப்பிடிக்கும். எனவே துணியைக் காக்க அதன்மேல் பேக்கிங் பாலி பை சுற்ற வேண்டும் என்றது பாலி மதம். சைலன்சர் சூட்டில் பாலி உருகும். எனவே பாலியைக் காக்க மறுபடி ஒரு ரிப் வேண்டும் என்றது புது ரிப் மதம். காப்புக்குக் காப்பு, அதற்கும் காப்பு என்று முடிவின்றிப் போவதைத் தர்க்க நூலார் அனவஸ்தை என்பர். கார்டு தொடை அளவு பருத்து, பிரேக்குக்குப் போகும் கால் தடுக்கும்போது அனவஸ்தை தானே நின்றுவிடும் என்பது ஒரு தீர்வு (அதே பெஞ்சு, நடுப்பகுதி, மூன்றாம் டீ, நுரை அடங்கியபின், ஒப்புநோக்குக: வடை, முதல் கடி, இதை மறுப்பது: பன், பக்கவாட்டில், வெண்ணெய் தடவாத பகுதி). மூன்றாம் டீ இடைச்செருகல் என்று கருதுவோர் உளர். மூலக் கிளாஸ் கழுவப்பட்டுவிட்டதால் இது தீராத வழக்கு. இத்தகைய வழக்குகளே கருத்தரங்குகளை நடத்திவைக்கின்றன.

பராமரிப்பு ஆண்டுக்கு ஒரு முறை. ஆயுத பூஜையன்று பாலியும் ரிப்பும் உரிக்கப்படும். பனியன் வேஸ்ட்டில் எண்ணெய் தொட்டுத் துரு துடைக்கப்படும். சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டி எடுக்கப்படும். அன்று ஒரு நாள் மட்டும் லெக் கார்டு வெளியே தெரியும். மறுநாள் காலை புது ரிப் துணி, ஒரு முழம்.