வெர்ஷன் குறைச்சு எடுத்துட்டு வாங்க

பென் டிரைவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்: “வெர்ஷன் குறைச்சு எடுத்துட்டு வாங்க சார்.”

பாரிவாக்கத்து டிடிபி அண்ணனிடம் இருப்பது 2002-இல் வந்த கோரல் டிரா 11. புது கோரலில் சேவ் பண்ணிய ஃபைலை அது திறக்காது. கோயில் நோட்டீஸை டிசைன் செய்த ஆவடிப் பையன், ‘சேவ் ஆஸ்’ போய், வெர்ஷன் பட்டியலில் படிப்படியாக இறங்கி, 11-க்கு வந்து சேர வேண்டும்.

வந்தால், எழுத்துகள் இடம் மாறியிருக்கும். “கர்வ் பண்ணிக் கொடுங்க” என்பார். கர்வ் பண்ணினால் எழுத்தெல்லாம் வெறும் கோடு. எங்கும் திறக்கலாம், எங்கும் திருத்த முடியாது. பாரிவாக்கம் ‘பாரிவாகம்’ ஆகியிருப்பது அப்போதுதான் கண்ணில் படும். அண்ணன் அசர மாட்டார். ‘பக்தர்கள்’ என்ற சொல்லிலிருந்து ஒரு ‘க்’ நகலெடுத்து வந்து ஒட்டுவார். அது ஒரு நூல் மேலே ஏறி நிற்கும். “ஃப்ளெக்ஸ்ல தெரியாது சார்.”

நன்கொடையாளர் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் ஆகாது. அது யூனிகோடு, அவருடைய பேஜ்மேக்கருக்கு ஒத்துவராது. மொத்தத்தையும் மறுபடி அடிப்பார். நாம் மறுபடி ப்ரூஃப் பார்க்க வேண்டும். பேஜ்மேக்கரில் புது வெர்ஷன் போடக்கூடாதா என்று கேட்டால், “இதுதான் சார் லேட்டஸ்ட்.” பொய்யில்லை. 2001-இல் 7.0 வெளியிட்டதோடு அடோபி அதற்கு மங்களம் பாடிவிட்டது. கோயிலுக்காவது 12 வருஷத்துக்கு ஒரு கும்பாபிஷேகம் உண்டு.

கோரலையாவது மாற்றக்கூடாதா என்றால், “ஆடியில மாத்திடறேன் சார்” என்பார். கல்யாணப் பத்திரிகை வேலை இல்லாத மாதம். வேலை நடுவில் மாற்றக்கூடாது என்பதும் நியாயம்தான். ஆனால் ஆடி பிறந்தால் தெருவுக்குத் தெரு கூழ் வார்க்கும் நோட்டீஸ். ஆவணியில் முகூர்த்தம்.

ஒன்று சொல்ல வேண்டும். போன கும்பாபிஷேக மலரின் ஃபைல் யாரிடமும் திறக்கவில்லை. அண்ணன் பழைய ஃபான்ட் சகிதம் டீ ஆறுவதற்குள் திறந்து காட்டினார், ஒரு கொம்பு கால் பிசகவில்லை. அதனால் அந்த மெஷினை யாரும் தூக்கிப்போடச் சொல்லவில்லை.

ஆனால் வெர்ஷன் தகராறில் எப்போதும் ஜெயிப்பது பழசு வைத்திருப்பவர்தான். புதுசு பெரும்பாலும் பழசைத் திறக்கும். பழசு புதுசைத் திறக்காது. ஆகவே காசு கொடுத்துப் புதுசு வாங்கினவன்தான் இறங்கி வர வேண்டியிருக்கிறது. ஆவடிப் பையன் வருஷா வருஷம் சந்தா கட்டிவிட்டு 2002-க்கு வேலை பார்க்கிறான்.

அண்ணே, பழசு அதுபாட்டுக்கு இருக்கட்டும். பக்கத்துல புதுசு ஒண்ணு போடுங்க. ஒரு நோட்டீஸுக்கு ஆவடிக்கும் பாரிவாக்கத்துக்கும் எங்களால நடக்க முடியலை.