பிங் போகுது, அக்கா!

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியின் சரவணையில் யார் வீட்டிலாவது இரண்டு கொம்பியூட்டர் இருந்து, ஒன்றை ஒன்று காணவில்லை என்ற கதை சங்கக்கடை வாசலில் ஒருதரம் விழுந்தால் போதும். அன்றைக்குப் பின்னேரமே அந்த வீட்டுப் படலையில் சைக்கிள் மணி கேட்கும்.

"இஞ்சாலைப் போனனான். ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போவம் எண்டு..."

எட்டிப் பார்க்க வந்தவரின் கைப்பையில் சுருட்டிய நெற்வேர்க் வயர், கிளிப் அடிக்கிற குறடு, சட்டைப் பையில் டெஸ்ரர். இவர்தான் நெற்வேர்க் அண்ணை. நாரந்தனையிலும் புளியங்கூடலிலும் சுருவிலிலும் இந்த வகையார் உண்டு. ஊர்காவற்றுறைப் பக்கம் இரண்டு பேர் இருக்கிறார்களாம். இரண்டு பேருக்கும் கதைபேச்சு இல்லையாம். ஊர் முழுக்க இணைப்புக் கொடுக்கிறவர்களுக்கு இது பெரிய விசயமில்லை.

அண்ணை வந்தவுடன் கதிரையில் இருக்கமாட்டார். நேரே றவுட்டரடிக்குப் போவார். லைற் எத்தனை, எது மினுங்குது, எது மினுங்காமல் நிற்குது என்று பார்ப்பார். "ம்ம்" என்பார். அந்த "ம்ம்" நல்லதுக்கா கெட்டதுக்கா என்று இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. என்ன கோப்பு வேண்டும், எதற்கு வேண்டும், எப்போது வேண்டும் என்று மட்டும் கேட்கவே மாட்டார். கோப்பு அவருக்குப் பொருட்டில்லை. இந்த அறைக் கொம்பியூட்டரிலிருந்து அந்த அறைக் கொம்பியூட்டருக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

ஆளைக் குறை சொல்லவும் மனம் வராது. 1990-91இல் தீவுப்பகுதியை விட்டு இடம்பெயர்ந்து, கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பரம்பரை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோவைக் கொழுவி, மற்றவர்கள் சுற்றி இருந்து தமிழோசை கேட்ட காலம் அது. செத்துப்போன பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்சம் உயிர் எடுத்த ஆட்கள். இவர்களிடம் போய் "இது இனிச் சரிவராது அண்ணை" என்று சொல்வது அவமரியாதை.

இப்போது பிழைப்புக்குக் குறைவில்லை. வெளிநாட்டுக்காரர் பூட்டிவிட்டுப் போன வீடுகளுக்கு நாலு மூலையிலும் கமரா. ரொறன்ரோவிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரு மாடு தெரியும். அந்த மாடு அசையாமல் நின்றால், படம் நின்றுபோச்சோ மாடுதான் நிற்குதோ என்று கேட்டு இங்கே இரவு இரண்டு மணிக்கு அண்ணைக்கு கோல் வரும். போய்ப் பார்த்துச் சொல்வார். ஆனால் அதெல்லாம் வயிற்றுப்பாடு. அவருடைய மனம் இருப்பது கோப்புப் பகிர்வில்.

ஒரு வீட்டில் ஐயா ஒருவர் மோசம் போய், அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டியிருந்தது. தேவாரம், வம்சாவளி, படங்கள் போட்டு 31ஆம் நாள் வந்தவர்களுக்குக் கொடுக்கிற புத்தகம். வீட்டில் வாங்கி வைத்துவிட்டு யாரும் புரட்டுவதில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் இப்படிப்பட்ட நினைவு மலர்களையும் வருடிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு ஊரில் யாருக்கு யார் என்ன முறை என்று தேடுகிறவருக்கு அதைவிட்டால் வேறு ஆதாரம் குறைவு. இந்த ஐயாவோ வம்சாவளியைத் தானே இருந்து ரைப் பண்ணி வைத்துவிட்டுத்தான் போனவர். அது இருந்தது பழைய கல்வீட்டு அறையில், அவருடைய விண்டோஸ் எக்ஸ்பி பெட்டியில். புத்தகம் செய்யப் போவது சூரிச்சிலிருந்து வந்த பேத்தி. அவளுடைய லப்ரொப்பில் விண்டோஸ் 11. அவள் தங்கியிருந்தது அதே வளவில் கட்டிய புது மேல்வீட்டில்.

"பென் ட்றைவ் இருக்கு அங்கிள். அதில எடுக்கட்டோ?" என்றாள் பிள்ளை.

அண்ணையின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "பென் ட்றைவோ? அச்சுக்கூடத்துக்குப் போய் வந்த பென் ட்றைவ்தானே? போல்டர் முழுக்க ஷோட்கட் ஆகிப்போம் பிள்ளை. வீட்டுக்குள்ள ரெண்டு மிசினை வைச்சுக்கொண்டு..." மிச்சத்தைச் சொல்லவில்லை. அந்த வைரஸ் விசயத்தில் அவர் சொன்னது முழுப்பொய் இல்லை என்பதால் பிள்ளையும் விட்டுவிட்டாள்.

முதலில் எக்ஸ்பியடிக்குப் போனார். கறுப்புத் திரையைத் திறந்து அந்த மிசினின் நெற்வேர்க் இலக்கத்தை எடுத்து, நாட்காட்டி ஓரத்தில் எழுதிக் கிழித்தார்: 192.168.1.3. துண்டைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி, மேல்வீட்டுப் படியேறி, லப்ரொப்பில் பிங் கட்டளையோடு அந்த இலக்கத்தை அடித்தார். நாலு வரி பதில், டக் டக்கென்று வந்தது. ஒவ்வொன்றும் ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைய.

"பிங் போகுது, அக்கா!"

மேல்வீட்டு யன்னலால் அவர் போட்ட சத்தத்துக்குக் குசினியிலிருந்து பிள்ளையின் அம்மம்மா வெளியே வந்தார். அந்தியேட்டி வீட்டில் இப்படியொரு சந்தோசச் சத்தம் கேட்டு அயலட்டையும் எட்டிப் பார்த்தது. "பாத்தியே பிள்ளை, ஒரு மில்லிசெக்கன் கூட எடுக்கேல்லை. உந்த வேகம் கொழும்பில இல்லை." இனி ஷெயார் பண்ணின போல்டரைத் திறக்கிறதுதான் மிச்சம் என்றார். திறந்தார். திறக்கவில்லை. பயர்வோலை நிறுத்தினார். பப்ளிக் என்று இருந்த நெற்வேர்க்கைப் பிரைவேற் ஆக்கினார். பிறகும் இல்லை. பிங் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. மனம் சோரும்போதெல்லாம் ஒருக்கால் அடித்துப் பார்த்துத் தெம்பு எடுத்துக்கொண்டார்.

பிள்ளைதான் மெல்லக் கேட்டாள்: "அங்கிள், இந்த லப்ரொப்பின்ர இலக்கம் என்ன?"

பார்த்தார்கள். 192.168.1.3.

விசயம் இதுதான். கல்வீட்டில் ரெலிபோன் லைன் றவுட்டர். மேல்வீட்டில் சிம் போட்ட வேறு றவுட்டர். இரண்டும் தன் தன் வீட்டுக்குள் 192.168.1 என்று தொடங்கியே இலக்கம் கொடுத்துக்கொண்டிருந்தன. உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் இதே இலக்கங்கள்தான் ஓடுகின்றன. வீட்டுக்கு வெளியே அவற்றுக்கு மதிப்பில்லை. இங்கே இரண்டு றவுட்டரும் ஒரே இலக்கத்தை இரண்டு மிசினுக்குக் கொடுத்திருந்தன. அவ்வளவு நேரமும் லப்ரொப் தன்னைத்தானே கூப்பிட்டு, "ஓம், இருக்கிறன்" என்று தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு ஏன் மில்லிசெக்கன் எடுக்கப் போகுது?

வேறு ஆளென்றால் வெட்கப்பட்டிருப்பார். அண்ணை, "நான் உதைத்தான் முதல்லயே நினைச்சனான்" என்றார்.

லப்ரொப்பைத் தூக்கிக்கொண்டு கல்வீட்டுக்கு வந்து, ஐயாவின் மேசையிலேயே எக்ஸ்பிக்குப் பக்கத்தில் வைத்து, அதே றவுட்டரில் கொழுவினார். இப்போது இரண்டு மிசினுக்கும் இடையில் ஒரு சாண். இந்த நேரத்தில் பிள்ளை கைப்பையைத் திறந்து பென் ட்றைவை எடுத்து மேசையில் வைத்தாள். அண்ணை அதன்மேல் நாட்காட்டித் துண்டைப் போட்டு மூடினார்.

இந்த முறை விண்டோஸ் 11 வாய் திறந்தது. அந்தப் பக்கம் கேட்பது எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை, அது பாதுகாப்பில்லை, விடமாட்டேன் என்றது. அதில் நியாயம் உண்டு. 2017 மே மாதம் வனாக்ரை என்ற புழு உலகம் முழுக்கப் புகுந்து கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்டபோது, பிரித்தானிய ஆஸ்பத்திரிகள்கூட நோயாளரைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அது நுழைந்த ஓட்டை இந்த எஸ்எம்பி 1இல்தான் இருந்தது. அந்த வருசக் கடைசியிலிருந்து புதிதாகப் போடுகிற விண்டோஸில் அது தானாக வருவதில்லை. எக்ஸ்பிக்கோ வேறு பாசை தெரியாது. 2014 ஏப்ரலோடு மைக்ரோசொவ்ற்றும் அதைக் கைகழுவிவிட்டது.

பிள்ளை இதையெல்லாம் எடுத்துச் சொன்னாள். அண்ணை பொறுமையாகக் கேட்டு, "ஓம் பிள்ளை, கவனமாத்தான் இருக்கவேணும்" என்று சொல்லிக்கொண்டே எஸ்எம்பி 1ஐப் போட்டுவிட்டார். "பதினைஞ்சு நாள் பாவிக்காட்டி அது தானாக் கழண்டிடும். அந்தியேட்டிக்கு முந்திப் போயிடும், பயப்பிடாதை." பதினைந்து நாள் கணக்கு உண்மைதான். எல்லாம் தெரியாத ஆள் என்றும் இவரைச் சொல்ல முடியாது, அதுதான் கஷ்டம்.

அடுத்து எக்ஸ்பி பாஸ்வேர்ட் கேட்டது. ஐயாவின் கணக்குக்குப் பாஸ்வேர்டே இல்லை. பாஸ்வேர்ட் இல்லாத கணக்கை நெற்வேர்க் வழியாக எக்ஸ்பி உள்ளே எடுக்காது. நேரே முன்னால் இருந்து திறக்கலாம், தூரத்திலிருந்து முடியாது. ஒரு பாஸ்வேர்ட் போட வேண்டும் என்றார் அண்ணை.

அம்மம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த மனுசன் இருந்த காலத்தில ஒரு அலுமாரி பூட்டினதில்லை. செத்தாப் பிறகு பூட்டோ?"

"பூட்டு இல்லை அக்கா, திறக்கிறதுக்குத்தான் பூட்டுப் போடுறம்."

இதைக் கேட்டு அம்மம்மா பேத்தியைப் பார்த்தார். பேத்தி, "ஓம் அம்மம்மா, அப்பிடித்தான்" என்றாள். கடைசியில் ஐயாவின் பிறந்த வருசத்தைப் போடுவதென்று சமாதானமானது. அது என்ன வருசம் என்பதில் அம்மம்மாவுக்கும் அடையாள அட்டைக்கும் ஒத்துவரவில்லை. அட்டைதான் வென்றது.

உள்ளே போனார்கள். போல்டர் தெரிந்தது. தொட்டால், அனுமதி இல்லை. நான் இதுவரை படித்த எந்தக் கணினிப் புத்தகமும் விளக்காத மாதிரி அண்ணை விளக்கியது இந்த இடத்தில்தான்.

"அக்கா, உங்கட பங்குக் கிணறு இருக்கெல்லே? உறுதியில கிணத்துப் பங்கு எண்டு எழுதியிருக்கு. ஆனா வழி மற்றவன்ர வளவுக்குள்ளால. வழிக்கு உரிமை எழுதாட்டி, பங்கு இருந்தும் வாளியோட வேலியில நிக்கவேண்டியதுதான். உதுவும் அப்பிடி. ஷெயார் பண்ணினது கிணத்துப் பங்கு. போல்டருக்கு எண்டு தனியா ஒரு அனுமதி இருக்கு, அது வழி. ரெண்டில எது இறுக்கமோ அதுதான் செல்லும்."

நல்ல தண்ணீருக்கு அருமைப்பட்ட தீவில் இதுக்கு மேல் விளக்கம் தேவையில்லை. அம்மம்மா தலையாட்டினார். "அப்ப வழியையும் எழுதிவிடு தம்பி." அண்ணை எவரிவன் என்று போட்டு எல்லாருக்கும் முழு உரிமையும் எழுதிவிட்டார். காணிக்கு இப்படி எழுதியிருந்தால் ஊர்காவற்றுறைக் கோட்டில் பாதி வழக்கு இல்லாமல் போயிருக்கும்.

வம்சாவளி லப்ரொப்புக்கு வந்தது. பிள்ளை திறந்தாள். முதல் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் குழம்பிக் கிடந்தது. ஐயா ரைப் பண்ணியது பாமினியில். அந்த எழுத்துரு இல்லாத மிசினில் பாமினித் தமிழ் தமிழாகத் தெரியாது. கீழே இருக்கிற ஆங்கில எழுத்துத்தான் வெளியே வரும். பூட்டனும் பூட்டியும் அரைப்புள்ளிகளாக நின்றார்கள்.

அண்ணை கதிரையை இழுத்து முதல் தடவையாக இருந்தார். முகத்தில் சோர்வில்லை, வந்தபோது இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது.

"பாமினி நெற்றில இருக்கு அங்கிள், நான் இறக்கிறன்" என்றாள் பிள்ளை.

"வீட்டுக்குள்ள இருக்கிற சாமானை ஏன் பிள்ளை வெளியில போய் எடுப்பான்? பொன்ற் எல்லாம் எக்ஸ்பின்ர சீ ட்றைவுக்குள்ளதான் கிடக்கு. சீ ட்றைவை முழுசா ஷெயார் பண்ணினா முடிஞ்சுது." மௌஸைப் பிடித்தார்.

அம்மம்மா எழும்பினார். "அப்ப இரவுக்கும் சேத்துப் புட்டு அவிக்கிறன்."