ராஜா என்றால் யார்? அர்த்தம் எழுதியவர் உள்ளே!

அகராதி எழுதுகிற ஒரு சாதுவான மனிதருக்கு என்ன ஆபத்து வந்துவிடும்? மிஞ்சிப்போனால் ஓர் எழுத்துப்பிழை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் யாராவது போஸ்ட் கார்டு போடுவார். அவ்வளவுதானே? இங்கிலாந்தில் சட்ட அகராதி எழுதிப் பேர் வாங்கிய இரண்டு பேர் கம்பி எண்ணியிருக்கிறார்கள்!

முதலாமவர் ஜான் ராஸ்டெல். வக்கீல், அச்சாபீஸ் முதலாளி, நாடகாசிரியர், தாமஸ் மோரின் சகோதரியைக் கட்டியவர். ஒரே ஆளுக்கு இத்தனை விசிட்டிங் கார்டு. போதாததற்கு 1517-ல் அமெரிக்காவைப் பார்க்கக் கப்பலேறினார். மாலுமிகள் கலகம் செய்து, அவரை அயர்லாந்திலேயே கழற்றிவிட்டுப் போய்விட்டார்கள். புதிய உலகம் கிட்டாத மனிதர், 1520-களில் சட்டச் சொற்களுக்கு அர்த்தம் சொல்லிப் புத்தகம் போட்டார். 1536-ல் சிறையில் செத்தது மத விவகாரத்தில். அகராதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அசல் அகராதிக் குற்றவாளி அடுத்தவர்தான்.

அதற்கு முன், இவர்களுக்கு எதற்கு அகராதி? அன்றைய இங்கிலீஷ் கோர்ட்டில் ஓடியது ஃபிரெஞ்சு. அதுவும் பாரிஸ்காரன் கேட்டால் மூர்ச்சையாகிற ஃபிரெஞ்சு. ஜனங்களுக்குப் புரியவில்லை, இனி இங்கிலீஷில் வாதாடுங்கள் என்று 1362-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தை எந்த மொழியில் எழுதினார்கள் என்கிறீர்கள்? ஃபிரெஞ்சில்!

வக்கீல்கள் அசைந்து கொடுக்கவில்லை. 1631-ல் சால்ஸ்பரியில் தண்டனை பெற்ற கைதி ஒருவன் நீதிபதியைப் பார்த்துச் செங்கல்லை வீசினான். மயிரிழையில் குறி தப்பியது. அதைப் பதிவு செய்தவர் ஃபிரெஞ்சில்தான் ஆரம்பித்தார். செங்கல் பறக்கும் இடம் வந்ததும் சரக்கு தீர்ந்து இங்கிலீஷுக்குத் தாவிவிட்டார். கைதியின் வலது கையை வெட்டித் தூக்குமரத்தில் மாட்டி, பிறகு அவனையும் அதிலேயே மாட்டினார்கள். அந்த வாக்கியத்தில் இலக்கணத்துக்கும் அதே கதிதான்.

இனி நம் ஹீரோ. டாக்டர் ஜான் கவல், கேம்பிரிட்ஜ் சட்டப் பேராசிரியர். 1607-ல் ‘தி இன்டர்ப்ரெட்டர்’ என்ற அகராதியை வெளியிட்டார். மற்ற சொற்களுக்கெல்லாம் அடக்க ஒடுக்கமாக அர்த்தம் சொல்லிக்கொண்டு வந்தவருக்கு, ‘ராஜா’ வந்ததும் பேனா உணர்ச்சிவசப்பட்டுவிட்டது. ராஜா சட்டத்துக்கு மேலே! அப்புறம் ஏன் நாடாளுமன்றத்தைக் கலந்துகொண்டு சட்டம் போடுகிறார்? அது அவருடைய பெருந்தன்மை!

அப்போது சிம்மாசனத்தில் முதலாம் ஜேம்ஸ். ராஜா பதவி ஆண்டவனின் நேரடி அப்பாயின்ட்மென்ட் என்று 1598-லேயே சொந்தமாகப் புத்தகம் எழுதியவர். கவலைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியிருக்க வேண்டும். போர்த்தினாரா? அவசரப்படாதீர்கள்.

நடுவில் எட்வர்ட் கோக் வருகிறார். தலைமை நீதிபதி. வக்கீல்கள் இன்றும் பயபக்தியோடு சொல்லும் பெயர். கவல் மீது அவருக்கு இருந்த கோபம் கொள்கைக் கோபம் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் கவல் இன்னொரு காரியமும் செய்திருந்தார். ‘லிட்டில்டன்’ என்ற பெயருக்குக் கீழே, அந்தப் பழைய சட்ட மேதையின் நூலை ஒரு ஃபிரெஞ்சுக்காரர் கிழி கிழி என்று கிழித்ததை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். லிட்டில்டன் கோக்கின் குலதெய்வம். விடுவாரா? கவலின் பெயரைத் திரித்து ‘மாட்டுக்கால் டாக்டர்’ ஆக்கிவிட்டார். உயர்ந்த கொள்கைகள் சில சமயம் இப்படியும் வெளிப்படும்.

இதே கோக், ராஜாவும் சட்டத்துக்குக் கீழேதான் என்று ஜேம்ஸின் முகத்துக்கு நேராகச் சொன்னதாகத் தன் குறிப்பில் கம்பீரமாக எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்துக் கடிதம் ஒன்று வேறு கதை சொல்கிறது. ஜேம்ஸ் முஷ்டியை ஓங்கினாராம்; கோக் தடாலென்று கையும் காலும் தரையில் பட விழுந்தாராம். சொந்த சரித்திரத்தைச் சொந்தக் கையால் எழுதுவதில் எவ்வளவு சௌகரியம் பாருங்கள்!

1610-ல் நாடாளுமன்றம் கூடியது. ஜேம்ஸின் கஜானாவில் காற்றாடியது. பணம் தர வேண்டியவர்கள் நாடாளுமன்றக்காரர்கள். அவர்கள் கையிலோ கவலின் அகராதி. ராஜாவுக்கு எங்கள் சம்மதமே வேண்டாமாமே, பிறகு எங்களிடம் எதற்கு உண்டியல் குலுக்குகிறார் என்ற மூடில் இருந்தார்கள். ஜேம்ஸ் யோசித்தார். ஒரு பக்கம், தனக்குக் கடவுளின் பக்கத்து சீட்டைப் போட்டுக் கொடுத்த பேராசிரியர். மறுபக்கம், ரொக்கம். மார்ச்சில் அரசாணை வந்தது: புத்தகத்துக்குத் தடை, பிரதிகளை ஒப்படைக்க வேண்டும்! கவல் சில காலம் காவலில் இருந்தார். மறுவருஷம் பேராசிரியர் பதவியை விட்டார்; அதே வருஷம் உலகத்தையும் விட்டார். இத்தனைக்குப் பிறகும் ஜேம்ஸ் பேரம் பேசிய பெரிய தொகை படியவேயில்லை.

‘ராஜா’வுக்குக் கவல் எழுதிய அந்த விளக்கத்தை மனப்பூர்வமாக நம்பி ஆண்டவர் ஜேம்ஸின் மகன் சார்லஸ். 1649-ல் அவருக்கு ஒரு திருத்தம் போட்டார்கள். கழுத்துக்கு மேற்பட்ட பகுதி நீக்கப்பட்டது.

பணம் குறுக்கே வந்தால் எந்த அர்த்தமும் ஆட்டம் காணும் போலிருக்கிறது. ‘டியோடண்ட்’ என்று ஒரு பழைய ஐட்டம். ஒரு பொருள் ஆளைக் கொன்றால் பொருளே குற்றவாளி. அது ராஜாவுக்குப் போய்விடும். ஓடுகிற வண்டி மோதிச் செத்தால் மொத்த வண்டியும் பறிமுதல். நிற்கிற வண்டியின் சக்கரத்தில் ஏறி விழுந்து செத்தால் சக்கரம் மட்டும். பல நூற்றாண்டுகள் இதை முகத்தைச் சுளிக்காமல் நடத்தினார்கள். பிறகு ரயில் வந்தது. 1841 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சோனிங்கில் விபத்து. ஜூரி, இஞ்சின் மீதும் பெட்டிகள் மீதும் 1,000 பவுண்டு தீட்டியது. வண்டிக்காரன் வண்டியை இழந்தபோதெல்லாம் தெய்வ சம்மதமாக இருந்த சட்டம், ரயில் கம்பெனியின் பர்ஸைத் தொட்டதும் அபத்தமாகத் தெரிந்தது. 1846-ல் ரத்து.

அதெல்லாம் பழைய பஞ்சாங்கம் என்கிறீர்களா? 2003, அமெரிக்காவில் ஒரு தீர்ப்பு. வழக்குக்கு வந்த சரக்கு இறங்கிய காலத்து வரிச் சட்டம் இது: இறக்குமதியாகும் உருவம் மனிதனுடையது என்றால் அது ‘பொம்மை’, வரி 12 சதவீதம். மனிதன் அல்லாத ஜந்து என்றால் ‘விளையாட்டுச் சாமான்’, 6.8 சதவீதம். எக்ஸ்-மென் என்ற காமிக்ஸ் நாயகர்களின் உருவங்களை இறக்குமதி செய்த டாய் பிஸ் கம்பெனி, எக்ஸ்-மென் மனிதர்களே அல்ல என்று கோர்ட்டில் சாதித்தது. காமிக்ஸிலோ அந்தப் பாவப்பட்ட ஜென்மங்கள், எங்களையும் மனிதர்களாக மதியுங்கள் என்று 1963-லிருந்து கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கின்றன! நீதிபதி ஜூடித் பார்சிலே உருவங்களைப் பரிசீலித்து, நகம் முதலான எல்லாவற்றையும் பார்த்துத் தீர்ப்பு எழுதினார்: மனிதர்கள் அல்ல. நாற்பது வருஷமாக வில்லன்களால் நிரூபிக்க முடியாததை, சொந்தக் கம்பெனி வக்கீல் சாதித்துவிட்டார். 5.2 சதவீதம் மிச்சம்.