அரைக் கிலோ உளுந்து வாங்கி வரும் முறை

தேவையான பொருட்கள்: துணிப்பை இரண்டு. முகக்கவசம் ஒன்று, அது மூக்கிலிருந்து நழுவும்போதெல்லாம் ஏற்றிவிட ஒரு கை. ஆதார் நகல் மூன்று. பழைய மருந்துச் சீட்டு ஒன்று, தேதி மங்கியிருந்தால் உத்தமம். தேய்ந்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. இது காலுக்கு அல்ல, எதற்கென்று பிறகு சொல்கிறேன். கேட்கிறவர் நம்பும் பக்குவத்தில் ஒரு காரணம்.

தயாராகும் நேரம் பத்து நிமிடம். ஊறும் நேரம் இரண்டு மணி. ஊறப்போவது உளுந்தல்ல, நீங்கள்.

2020, 2021 இரண்டு கொரோனா ஊரடங்குகளிலும் சென்னையில் ஒரு குடும்பத்துக்குச் சாமான் வாங்கிப் போட்டவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, மனைவிக்கு ஆஸ்துமா, மகனுக்கு ஆன்லைன் வகுப்பு. வெளியே அனுப்பத் தோதான ஆள் நான்தான் என்று முடிவாயிற்று. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் எந்தப் பொறுப்புக்கும் என் பெயரை இவ்வளவு ஒருமனதாக யாரும் சொன்னதில்லை.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். நோய்க்கு நாள் முழுக்க நடமாட அனுமதி உண்டு. உங்களுக்குக் காலை ஆறு மணியிலிருந்துதான். 2020 மார்ச் 29 முதல் மளிகை, காய்கறிக் கடைகள் மதியம் இரண்டரை வரை. ஏப்ரல் 5 முதல் ஒரு மணி வரை. அடுத்த வருடம் மே 10 முதல் பன்னிரண்டு வரை. மே 15 முதல் பத்து வரை. மே 24 முதல் கடையே கிடையாது, காய்கறி வண்டியில் வரும். “இன்னும் ஒரு ஆர்டர் வந்தா, நேத்தே கடைய மூடியிருக்கணும்னு சொல்லுவாங்க சார்” என்றார் எங்கள் தெரு அண்ணாச்சி.

கூட்டம் கூடக் கூடாது என்பதற்காக நேரத்தைக் குறைத்தார்கள். காலை முதல் ராத்திரி வரை ஒவ்வொருவராக வந்துபோன தெரு, ஏழு மணி நேரத்துக்குள் வந்தது. நாலு மணி நேரம் என்றதும் மொத்தமாக வந்தது. பள்ளியில் குழாய், தொட்டிக் கணக்குப் போட்ட யாருக்கும் இது புரியும். போட்டவர்கள் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இல்லை போலும்.

அடுத்தது வட்டம், ஆளுக்கொன்றாக இடைவெளி விட்டு நிற்க. சைக்கிள் டயரைத் தரையில் வைத்து, சுற்றிலும் சுண்ணாம்பைத் தூவி அண்ணாச்சியின் கடைப் பையன் போட்ட வட்டங்கள் அவை. நாலாம் நாள் பாதி அழிந்து பிறையாயின. பிறகு மஞ்சள் பெயின்ட் வந்தது. காலை ஐந்தரைக்கே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு ஜோடி செருப்பு, அல்லது ஒரு பை, ஓரிடத்தில் கைப்பிடி போன வாளி. எல்லாம் ஒழுங்காக இடைவெளி விட்டு, யாரோடும் பேசாமல், ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல் நின்றன. செருப்புக்குச் சொந்தக்காரர்கள் எதிரே வேப்ப மரத்தடியில் தோளோடு தோள் உரச நின்று, இந்தக் கொரோனா எப்படித்தான் பரவுகிறதோ என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

நீங்களும் செருப்பை விடுங்கள். ஆனால் அதை நம்பாதீர்கள். என்னுடையது இரண்டாம் வாரம் ஆறாவது வட்டத்திலிருந்து எட்டாவதுக்குத் தானாக நடந்து போயிருந்தது. விசாரித்ததில் செருப்புகள் எதுவும் வாய் திறக்கவில்லை. பின்னால் நின்ற பாட்டி ஒருத்தி சொன்ன யோசனைப்படி செங்கல்லுக்கு மாறினேன். அடுத்தவன் வைத்த செங்கல்லைக் குனிந்து, கையால் தொட்டு நகர்த்த அந்த நாட்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

உங்கள் முறை வந்ததும் வாயைத் திறக்காதீர்கள். முகக்கவசத்துக்குள் ‘உளுந்து’ என்று சொன்னால் வெளியே ‘உப்பு’ என்று கேட்கும். இரண்டு மணி நேரம் நின்று அரைக் கிலோ உப்போடு வீடு திரும்பிய ஒருவனை அவன் மனைவி எப்படிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். எழுதிக் கொடுங்கள். மீதிச் சில்லறையைப் பிளாஸ்டிக் தட்டில் வாங்குங்கள். வீட்டில் நோட்டுகளை இஸ்திரி போடுவதாக இருந்தால் சூட்டைக் குறைத்து வையுங்கள். எங்கள் ஐநூறு ரூபாயில் காந்தி கொஞ்சம் பழுப்பேறிவிட்டார். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவும் முறை எல்லா வீட்டிலும் தெரிந்ததே. அதைக் கழுவிய பிறகு சோப்பையும் கழுவிய வீடு எங்களுடையது.

வழியில் காவலர் நிறுத்தினால் பதறாமல் மருந்துச் சீட்டை நீட்டலாம். இதில் ஒரு எச்சரிக்கை. அவர் அதைப் படிக்கவும் கூடும். “இது 2017 சீட்டு. மூணு வருஷமா காய்ச்சல் விடலையா சார்?” என்று என்னைக் கேட்டவர் நல்ல மனிதர், சிரித்துவிட்டு அனுப்பினார். பக்கத்துத் தெருப் பையன்கள் இருவர் தோப்புக்கரணம் போட்டுவிட்டு வந்தார்கள். 2020 ஜூன் 19 முதல் சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் மறுபடி முழு ஊரடங்கு வந்தபோது வண்டியே கூடாது, வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்துபோய்த்தான் வாங்க வேண்டும் என்று விதி. அன்றுதான் தெரு ஆண்கள் எல்லோரும் தங்கள் கடை எத்தனை கிலோமீட்டர் என்று கைபேசியில் அளந்து பார்த்தார்கள். அதுவரை நானூறு அடி தூரத்துக்கும் ஸ்கூட்டரை உதைத்தவர்கள் நாங்கள்.

வங்கிக்குப் போகும் முறைக்கு ஜோசியமும் தெரிந்திருக்க வேண்டும். ஜன் தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மத்திய அரசு மாதம் ஐநூறு ரூபாய் வீதம் மூன்று மாதம் போட்டது. கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் 0, 1 என்றால் ஏப்ரல் 3-ஆம் தேதி. 2, 3 என்றால் 4-ஆம் தேதி. இப்படியே, நடுவில் இரண்டு நாள் விட்டு, 9-ஆம் தேதி வரை. எங்கள் வீட்டில் வேலை பார்த்த அக்காவுக்குக் கடைசி இலக்கம் 7. ஏப்ரல் 8 அன்று வெயிலில் அரை நாள் நின்று எடுத்து வந்தார். அவருக்கு என் குறிப்பு எதுவும் தேவைப்படவில்லை. ரேஷன், தண்ணீர் லாரி என்று வரிசையில் நிற்கும் வித்தையை எங்களுக்கு முப்பது வருடம் முன்பே கற்றவர் அவர். எங்களுக்குத்தான் அது புதுசு, அதனால்தான் இப்படிக் கட்டுரையாக எழுதித் தள்ளுகிறோம்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு: அறிவிப்புக்கு மறுநாள் கடைக்குப் போகாதீர்கள். ஏப்ரல் 24 அன்று, சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்றார்கள். நடுவில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு ஒரு மணி என்பதை மூன்று மணியாக்க வேண்டியிருந்தது, அவ்வளவு கூட்டம். நானும் போயிருந்தேன். வட்டங்கள் காலடியில் எங்கோ இருந்தன, யாருக்கும் தெரியவில்லை. செங்கல் இருந்த இடத்தில் ஒருவர் ஏறி நின்று முருங்கைக்காய் கேட்டுக்கொண்டிருந்தார். நாலு நாளுக்கு எங்களுக்கு மூன்று கிலோ தக்காளி தேவையே இல்லை. முன்னால் இருந்தவர் வாங்கியதால் வாங்கினேன். அவரும் அப்படித்தான் வாங்கியிருப்பார். பத்தே நாளில் கோயம்பேடு தொற்று மையமாகிப்போனது. மே 5 அன்று சந்தையை மூடி, காய்கறி வியாபாரத்தைத் திருமழிசைக்கு அனுப்பினார்கள்.

இனி முடிவெட்டும் படலம். சென்னையில் சலூன்கள் ஜூன் 1-ல் திறந்து ஜூன் 19-ல் மூடின. அந்தப் பதினெட்டு நாளைத் தவறவிட்டவர்கள் சமையலறைக் கத்தரிக்கோலிடம் தலையைக் கொடுத்தார்கள். நான் தவறவிடவில்லை. ஆனால் முடிவெட்ட ஆதார் அட்டை வேண்டும். பெயர், விலாசம், தொலைபேசி எண் எல்லாம் நோட்டில் எழுத வேண்டும். பதினைந்து வருடமாக என் உச்சந்தலையை அறிந்தவர் என் அட்டையை வாங்கி, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது நீங்கதானா சார்?”

“வெட்டிவிட்டுப் பாருங்க, தெரியும்.”

வயதுக்கு வரிசை வகுத்த டாஸ்மாக் மதுக்கடை முறையையும் சொல்லிவிடுகிறேன். மே 7 அன்று சென்னைக்கு வெளியே கடைகளைத் திறந்தபோது ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் காலை பத்து முதல் ஒரு மணி, நாற்பதிலிருந்து ஐம்பது வரை ஒன்று முதல் மூன்று, நாற்பதுக்குக் கீழே மூன்று முதல் ஐந்து. விழுப்புரத்தில் இருக்கும் என் மச்சினனுக்கு நாற்பத்தெட்டு. வாழ்நாள் முழுக்க நாற்பத்திரண்டு என்று சொல்லி வந்தவன், ஒன்றரை மாதமாக டை அடிக்காத தலையோடு காலை வரிசையில் போய் நின்றான். “ஐம்பத்தொண்ணுன்னேன் மாமா, மறு பேச்சு பேசல” என்று போனில் சொன்னபோது பாதி பெருமை, பாதி வருத்தம். மறுநாளே உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொல்லிவிட்டது. மே 16-ல் உச்ச நீதிமன்றத்தின் தயவில் மறுபடி திறந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு அந்த வேகம் அமையவில்லை.

இப்போது இந்தக் குறிப்பின் கடினமான பகுதி. ஏப்ரல் இரண்டாம் வாரம் எங்கள் மிக்ஸியின் கப்ளர் உடைந்தது. மோட்டார் தலையில் உட்கார்ந்து ஜாரின் பிளேடைச் சுற்றிவிடும் சின்ன ரப்பர் சக்கரம். நாலு பல் இருக்கும், அதில் இரண்டு போய்விட்டது. மிக்ஸி ஓடும், ஜார் சும்மா இருக்கும். கப்ளர் அத்தியாவசியப் பொருள் அல்ல. தேங்காய் அத்தியாவசியம், மிளகாய் அத்தியாவசியம், அரைப்பது அத்தியாவசியம் இல்லை. கேஸ் சிலிண்டர் வரும், லைட்டர் வராது. ரீசார்ஜ் செய்யலாம், சார்ஜர் வாங்க முடியாது. சட்டம் போட்டவர்கள் வீட்டில் எந்தப் பொருளும் உடைவதில்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

அம்மா அம்மியை இறக்கச் சொன்னார். மொட்டை மாடிப் படிக்கட்டுக்கு அடியில் பழைய பேப்பர் மூட்டைக்குக் கீழே கிடந்தது அது. துவையலுக்கு ருசி கூடியது என்று எல்லோரும் சொன்னோம். அரைத்தது மனைவி, அவள் சொல்லவில்லை.

மே 11 முதல் 34 வகைக் கடைகளைத் திறக்கலாம் என்று பட்டியல் வந்தது. மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடையும் அதில் இருந்தது. கல்யாணப் பத்திரிகை வந்தது போல அதைப் பிரித்துப் படித்தோம். காலையிலேயே மிக்ஸியைப் பையில் போட்டு எடுத்துப் போனேன். ஷட்டர் மூடியிருந்தது. கடைக்காரர் மார்ச்சிலேயே சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்குப் போனவர், அங்கேயே மாட்டிக்கொண்டார். மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். இ-பாஸ் வேண்டுமானால் கல்யாணம், சாவு, மருத்துவம் மூன்றில் ஒன்று வேண்டும். “மிக்ஸி ரிப்பேர்னு போட்டா குடுப்பானா சார்?” என்று போனில் கேட்டார். கடை திறக்க அனுமதி உண்டு. கடைக்காரர் கடைக்கு வர அனுமதி இல்லை.

வேறு இரண்டு கடைகளில் பாரிமுனையிலிருந்து சரக்கு வரவில்லை என்றார்கள். ஆன்லைனில் வரவழைத்ததில் மூன்று பல் வந்தது. எங்களுக்கு நாலு பல். அதைத் திருப்பி அனுப்பும் முறையை எழுதினால் தனிப் புத்தகமாகும்.

ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த எல்லோருக்கும் இ-பாஸ் என்றார்கள். அந்த வாரமே சங்கரன்கோவிலார் வந்து சேர்ந்தார். மிக்ஸியைக் கவிழ்த்து, உடைந்ததைத் திருகிக் கழற்றி, புதியதைப் போட்டு முடிக்க அவருக்கு ஆனது இரண்டு நிமிடம். நாலு மாதம் அம்மியில் அரைத்த என் மனைவி முதல் முறை சுவிட்சைப் போட்டுவிட்டு, ஜாரில் ஒன்றுமே போடாமல் சும்மா ஓடவிட்டுப் பார்த்தாள்.

(அடுத்த வருடம் இ-பதிவு என்று பெயர் மாறி வந்தபோது, மே மாதத்தில் ஏகப்பட்ட பேருக்குத் திடீரென்று கல்யாணம் கூடிவந்ததால், அந்தக் காரணத்தையே பட்டியலிலிருந்து எடுத்தார்கள். சாவும் மருத்துவமும் அப்படியே இருந்தன. அந்த மே மாதத்தில் அவற்றுக்குப் பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை.)

அரைக் கிலோ உளுந்து எங்கே என்று கேட்காதீர்கள், வாங்கியாயிற்று. உளுந்து எப்படியும் கிடைத்துவிடும், அண்ணாச்சிகள் இருக்கும் வரை. நீங்கள் செய்ய வேண்டியது வேறு. இன்று மாலை கடை ஒன்பது மணி வரை திறந்திருக்கும். வண்டியிலேயே போகலாம், யாரும் சீட்டுக் கேட்க மாட்டார்கள். போகும்போது உங்கள் மிக்ஸிக்கு எத்தனை பல் என்று பார்த்துக்கொண்டு போய், கப்ளர் இரண்டு வாங்கி வையுங்கள். ஒன்று அறுபது ரூபாய்தான்.