சாவிக்குப் பூட்டு கேட்ட கதை

யாரு, பேராண்டியா? வா, இப்படித் திண்ணையில உக்காரு. இன்னும் அந்தப் பொலம்பல் தீரலையா? 'இந்தியன் 2' வந்தது 2024 ஜூலை 12ந் தேதி. எழவு விழுந்த வீட்டுலகூட பதினாறாம் நாளு காரியம் முடிஞ்சா மூக்கத் தொடச்சிட்டு அடுப்பப் பத்த வைப்பாய்ங்க. நீ இன்னும் அழுதுக்கிட்டே திரியிற.

"என் சின்ன வயசையே கெடுத்துப்புட்டாய்ங்க தாத்தா"ங்கிற. எவன்டா கெடுத்தது? 1996 மே மாசம் வந்த 'இந்தியன்' அப்படியேதான கெடக்கு? போனைத் தட்டுனா அந்தப் படத்துச் சேனாபதித் தாத்தா வந்து நிக்கப் போறாரு. ஒன் சின்ன வயசுக்கு ஒரு கீறலும் விழலை. டவுசரு போட்ட காலத்தத் திருப்பிக் குடுங்கடான்னு டிக்கெட் எடுத்த பாரு, கோளாறு அங்கன இருக்கு. டிக்கெட் காசுக்குப் பத்து வயசு கெடைக்கும்னா, நானு கையிருப்பு பூராத்தையும் அந்தக் கவுண்டர்லயே கொட்டியிருக்க மாட்டேனா?

ஒங்க கூத்தைத்தான் பாக்குறேனே. படம் வர்றதுக்கு முன்னாடி பேரு வருது. பேரு வர்றதுக்கு முன்னாடி, பேரு எந்தத் தேதியில வரும்னு ஒரு சேதி வருது. அப்புறம் ஃபர்ஸ்ட் லுக்கு, கிளிம்ப்ஸு, டீசரு, டிரெய்லரு. டிரெய்லர நிறுத்தி நிறுத்திப் பாத்து, மூலையில எவன் நிக்கிறான், அவன் சட்டையில என்ன பொத்தான்னு ஆராய்ச்சி வேற. இதுல பாதி ஆராய்ச்சி கணக்குப் பாடத்துல பண்ணியிருந்தா எங்கிட்டோ போயிருப்ப. முத நாளு கட்அவுட்டுக்குப் பாலு. ஆத்தா காப்பிக்குப் பாலு வாங்கியாரச் சொன்னா காலு வலிக்கும். கட்அவுட்டு மேல குடத்தோட ஏறுனா வலிக்காது. எடைவேளைக்கு வெளிய வந்து மைக்கு முன்னாடி நின்னு "முடியல ப்ரோ"ன்னு கண்ணக் கசக்குறது. என்னத்தடா முடியல? மூணு மணி நேரம் போச்சு, அம்புட்டுத்தான? தெனமும் அதுக்கு மேல போனைத் தடவுறியே, அதுக்கு எந்த மைக்குல போயி அழுத?

சாகசப் படம்னா என்னான்னு எங்கிட்டக் கேளு. 1973 மே மாசம். நம்ம திண்டுக்கல்லு நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல். எம்.ஜி.ஆர். புதுக்கட்சி ஆரம்பிச்சு ஏழு மாசம்தான். மாயத்தேவர் நிக்கிறாரு. அந்தக் கட்சி ரெட்டெலைச் சின்னத்துல மொதல்ல நின்னதே நம்மூருலதான். 11ந் தேதி 'உலகம் சுற்றும் வாலிபன்' வருது, 20ந் தேதி ஓட்டு. சுவத்துல எது படத்து போஸ்டரு, எது கட்சி போஸ்டருன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. இந்தப் படம் மட்டும் வந்துச்சுன்னா சேலை கட்டிக்கிறேன்னு மதுரையில ஒரு பெரிய மனுசன் சவால் விட்டதா ஊரு பூராம் பேச்சு. நாங்க மீசை அரும்புன பயலுக. ஓட்டுப்போட வயசு பத்தலை, லாரி ஏற வயசு பத்துச்சு. தொத்திக்கிட்டு மதுரைக்குப் போயிப் பாத்துட்டு வந்தோம்.

சிறுமலைக்கு அங்கிட்டு என்ன ஊருன்னு தெரியாத பயலுக்கு ஜப்பான்ல எக்ஸ்போ 70 கண்காட்சியக் காட்டுனாரு மனுசன். ஹாங்காங்கு, தாய்லாந்து, சிங்கப்பூருன்னு ஒரு சுத்து. அண்ணன் முருகன், மின்னலோட சக்தியப் புடிச்சு அடைச்சு வைக்கிற விஞ்ஞானி. தம்பி ராஜு, துப்பறியிற ஆளு. ரெண்டும் அவரேதான். மின்னல எப்படிய்யா புடிச்சாருன்னு ஒருத்தனாவது கேட்டானா? கேட்டிருந்தா அவனப் புடிச்சு வெளிய தள்ளியிருப்போம். தேர்தல்ல மாயத்தேவரு செயிச்சாரு. கொட்டகையில வாலிபன் செயிச்சான்.

இப்பத்தான் சங்கதிக்கு வர்றேன். அந்தப் படம் முடியிறப்பத் திரையில ஒரு அறிவிப்பு வரும். அடுத்த படம் 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு'ன்னு. விசில் அடிச்சே தொண்டை கட்டிப் போச்சு. வந்துச்சா? வரலை. தலைவரு 1977ல கோட்டைக்குப் போயிட்டாரு, ராஜு பொட்டிய எறக்கி வச்சுட்டான். 1987ல தலைவரே போயிச் சேந்துட்டாரு. 2018ல, கம்ப்யூட்டர் வரைபடமா எம்.ஜி.ஆரை நடமாட விட்டு அந்தப் படத்த எடுக்கப் போறோம்னு ஒரு கூட்டம் விழா எடுத்துச்சு. விழாவத்தான் பாத்தோம்.

ஆனா ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. நானு பாத்ததுலயே நல்ல ரெண்டாம் பாகம் அதுதான். அம்பது வருசமா எங்கொட்டகையில ஓடிக்கிட்டு இருக்கு. ராஜு சிங்கத்தோட கட்டிப் பொரளுறாரு. நாகேசு ஒட்டகச்சிவிங்கிகிட்ட வழி கேக்குறாரு. நம்பியாரு கிளிமஞ்சாரோ உச்சியில நின்னு கையப் பெசையிறாரு. ஒரு சீனு தொய்யலையே! ஏன் தொய்யல? எவனும் எடுக்கலை ராசா. வராத படத்துக்குக் கெட்ட பேரு வராது. நீ இருவத்தெட்டு வருசம் மனசுக்குள்ள ஓட்டுன படத்தோட எவன் எடுத்த படம் போட்டி போட முடியும்? 'இந்தியன்' எடுத்த சங்கரால முடியுமா? அவங்க தாத்தனால முடியுமா?

அதுக்காக எடுத்தவய்ங்க மேல தப்பே இல்லைன்னு சொல்ல வரலை. அவய்ங்களையும் ரெண்டு கேள்வி கேப்போம்.

சேனாபதி நேதாஜி படையில இருந்த ஆளு. 1943ல இருவது வயசுன்னு வச்சாலும் 2024ல நூத்தியொண்ணு. ஒத்தச் சக்கர வண்டியில பறக்குறாரு, சட்டையக் கழட்டிக் கட்டு கட்டா வயித்தக் காட்டுறாரு. நம்மூருல நூறு தாண்டுன கெழவன் கட்டில விட்டு எறங்குனாலே பேரப்புள்ளைக ஃபிளக்ஸ் வச்சிரும். ஆனா மின்னலப் புடிச்சப்பக் கேக்காதவன் இதையா கேக்கப் போறேன்? வயசு ஒரு குத்தமே இல்லை. எங்கேள்வி வேற.

பழைய படத்துல அந்தக் கெழவன் கத்தி எடுத்தாரே, எதுக்கு? காரணம் அவரு வீட்டுக்குள்ள இருந்துச்சு. மக தீயில வெந்து ஆசுபத்திரியில கெடக்கா. லஞ்சம் குடுத்தா வைத்தியம். குடுக்க மாட்டேன்னாரு, மக போயிட்டா. மகன் பிரேக் இல்லாத வண்டிக்குக் காசு வாங்கிட்டுச் சான்றிதழ் குடுத்தான். பள்ளிக்கூடத்துப் புள்ளைக போச்சு. பெத்த மகன்னு பாக்கலை, அவனையும் குத்துனாரு. ஆபீஸ் வாசல்ல ஒரு கையெழுத்துக்கு நாளு முழுக்கக் காத்துக் கெடந்த சனம்லாம் அந்தக் கத்தியில தன் கையும் இருக்குன்னு நெனச்சுச்சு.

புதுப் படத்துல? தாத்தா தைவான்ல இருந்து வர்றாரு. போன்ல நேரலையில தலையக் காட்டி "அவனவன் வீட்டச் சுத்தம் பண்ணுங்க"ன்னு இளசுகளுக்கு உபதேசம். அதுக அப்பன் ஆத்தாளக் காட்டிக் குடுத்துச் சீரழியிதுக. நட்டம் பூராம் அதுக வீட்டுக்கு. இவரு வீட்டுல ஒரு ஓடு ஒடையல. தன் மடியில கனமில்லாதவன் ஊருக்குச் சொல்லுற புத்திக்கு எம்புட்டு மதிப்பு? "வா இந்தியன்"னு கூப்புட்ட பயலுகளே கடைசியில "திரும்பிப் போ இந்தியன்"னு கத்துறாய்ங்க. தியேட்டர்ல இருந்தவய்ங்களுக்கு வேற வசனம் தேவைப்படலை. நாலஞ்சு நாளுல பன்னெண்டு நிமிசத்த வெட்டி எறிஞ்சாய்ங்க. நோவு ஒரு எடம், கத்திரி வச்சது ஒரு எடம். இதுல படம் முடியிறப்ப மூணாம் பாகத்துக்கு டிரெய்லரு வேற!

நம்மூருப் பூட்டுக்காரன்ட்டப் போயி, "எங்க தாத்தன் சாவி ஒண்ணு கெடக்கு, இதுக்கு ஏத்த பூட்டு ஒண்ணு செஞ்சு குடு"ன்னு கேட்டுப் பாரு. மேலயும் கீழயும் பாத்துட்டு, வெயில்ல வந்தியாப்பான்னு தண்ணி குடுப்பான். உள்ள காப்பாத்த ஒரு பொருளு இருக்கணும். அதுக்குக் கதவு, கதவுக்குப் பூட்டு, கடைசியிலதான் சாவி. இவய்ங்க சாவிய மட்டும் முடிஞ்சு வச்சிருக்காய்ங்க. மடக்குன வர்ம விரலு ஒரு சாவி. 'லகலக' ஒரு சாவி. போலீசு மீசை ஒரு சாவி. கதவு எங்கடான்னா முழிக்கிறாய்ங்க. 2003ல வந்த 'சாமி'க்கு 2018ல. 2005ல வந்த 'சண்டக்கோழி'க்கும் அதே 2018ல. 2005 'சந்திரமுகி'க்கு 2023ல. பழைய குருடி கதவத் தொறடின்னு வரிசையா வந்தாய்ங்க. கதவத் தொறந்தா உள்ள ஒண்ணுமில்லை.

வெள்ளைக்காரன் மட்டும் யோக்கியமா? இந்தியானா ஜோன்ஸுன்னு ஒரு வாத்தியாரு, தொப்பியும் சாட்டையுமாப் பொதையல் தேடுவாரு. 1984ல வந்தது நம்ம நாட்டுல நடக்குற கதை. இங்க எடுக்க அனுமதி கெடைக்காம இலங்கையில கண்டிப் பக்கம் போயி எடுத்தாய்ங்க. நம்ம அம்ரீஷ் பூரி மனுசன் நெஞ்சுல கைய விட்டு இருதயத்தப் புடுங்குவாரு. 1989ல குதிரை ஏறி, பொழுது சாயிற பக்கமா நல்லபடியாக் கெளம்பிட்டாரு வாத்தியாரு. விட்டாய்ங்களா? 2008ல கூட்டியாந்து, அணுகுண்டு வெடிக்கிறப்ப ஃபிரிட்ஜுக்குள்ள ஒளிய வச்சாய்ங்க. 2023ல ஹாரிசன் ஃபோர்டுக்கு எம்பது வயசு. தொடக்கத்துல கம்ப்யூட்டர வச்சு மூஞ்சிய எளசாக்கிட்டாய்ங்க. மூஞ்சி நாப்பது, கொரலு எம்பது. அதப் பாத்துட்டு அமெரிக்காக்காரனும் ஒன்னைய விட மோசமாத்தான் அழுதான். ஆசைக்கு ஏதுடா பாஸ்போர்ட்டு?

அப்ப லேட்டா வர்றதெல்லாம் ஊத்திக்குமா? அப்படியும் இல்லை. 'விக்ரம்' 1986ல வந்துச்சு. சுஜாதா எழுதுன கதை. காணாமப் போன ஏவுகணை, சலாமியான்னு ஒரு கற்பனை நாடு, அங்க ஒரு ராசா. அசல் சாகசம். ஆனா அதுக்கு ஒருத்தனும் கோயில் கட்டிக் கும்புடலை. முப்பத்தாறு வருசம் கழிச்சு 2022ல லோகேஷ் கனகராஜுன்னு ஒரு பய வந்தான். பேரையும் ஆளையும் மட்டும் எடுத்துக்கிட்டான். சலாமியாவ அங்கனயே விட்டுட்டான். மகனப் பறிகொடுத்தவன், பேரப்புள்ளையக் காப்பாத்தணும்னு ஒரு காரணத்த வீட்டுக்குள்ள வச்சான். ஊரே கொண்டாடுச்சு. 'மேட் மேக்ஸ்' எடுத்த ஜார்ஜ் மில்லரும் முப்பது வருசம் கழிச்சு 2015ல எழுவது வயசுல வந்தாரு. பழைய நடிகரக் கட்டி இழுக்கலை. புது ஆளப் போட்டு, லாரிகள வெரட்டி விட்டாரு பாரு, இளவட்டம்லாம் ஓரமா நின்னு வேடிக்கை பாத்துச்சு. ஆக, காலம் கடந்தது குத்தம் இல்லை. சொல்ல ஒண்ணும் இல்லாம வந்தது குத்தம். இப்ப அதுக்கு 'யூனிவர்ஸு'ன்னு பேரு வேற வச்சிருக்காய்ங்க. ஒரு கதைய ஒழுங்காச் சொல்லத் தெரியாதவன்லாம் அண்டம் படைக்கக் கெளம்பிட்டான்.

இப்ப ஒன் கணக்குக்கு வருவோம். 'ஆயிரத்தில் ஒருவன்' ரெண்டாம் பாகம் எப்பன்னு செல்வராகவனப் போட்டு அரிக்கிறியே, அந்தப் படம் 2010 பொங்கலுக்கு வந்தப்ப என்ன சொன்னீங்க? "புரியல, தலை வலிக்கிது"ன்னு பாதிப் பேரு எந்திரிச்சு வந்தீங்க. கடலு தாண்டிப் போயி ஒளிஞ்சு வாழுற சோழனக் காட்டுனான் ஒருத்தன், நீங்க அங்கிட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டீங்க. பத்து வருசம் கழிச்சு ஞானம் வந்து "காவியம், காவியம்"ங்கிறீங்க. 2021 புத்தாண்டுக்கு ரெண்டாம் பாகம் அறிவிச்சாரு, 2024ல வரும்னாரு. 2024 வந்துச்சு, போயிருச்சு. அந்த மனுசனச் சும்மா விடு. இன்னொரு ராஜுவா அதுவும் ஒன் மனசுலயே ஓடட்டும்.

கெழவன் புத்தி ஒண்ணு கேளு. வயசான கதாநாயகனக் கூப்புட்டு இன்னொரு தடவை மலையேறச் சொல்லாத. ஆடி முடிச்ச ஆள உக்கார விடு. ரெண்டாம் பாகத்துக்குப் போறதா இருந்தா ரெண்டாம் வாரம் போ. அதுக்குள்ள நல்லதா கெட்டதான்னு ஊரே சொல்லிரும், பாலுக்காசும் மிச்சம். முத நாளுக் காச எங்க போடணும் தெரியுமா? பேரு தெரியாத பய ஒருத்தன் புதுசா ஒரு கதை எடுத்து, போஸ்டர் ஒட்டக்கூடக் காசு இல்லாம, நாலு நாளு கொட்டகை கெடைச்சாப் போதும்னு வந்து நிப்பான் பாரு, அங்கன போடு. 'இந்தியன்' வந்தப்ப அதுக்கு முன்னாடி எந்த இந்தியன் இருந்தான்? வாலிபனுக்கு முந்தி எந்த வாலிபன் உலகத்தச் சுத்துனான்? நீ கொண்டாடுற அம்புட்டும் ஒருகாலத்துல முதல் பாகம்தான்டா.

இன்னைக்கு எந்தப் படத்துக்கு நீ போகாம வீட்டுல கவுந்தடிச்சுப் படுத்திருக்கியோ, அதுக்குத்தான் 2050ல ஒம்மகன் ரெண்டாம் பாகம் கேட்டு அழுவான். அப்ப ஆறுதல் சொல்ல நானு இருக்க மாட்டேன். ஒன்னைய மட்டும் தேத்துறதுக்கே எனக்கு நாக்கு வறண்டு போச்சு.